கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசிக்கு: புதிதாக வந்தவர்கள் முதல் செமஸ்டரிலேயே செய்ய வேண்டியவை

"ரெண்டு வருஷம் கம்யூனிட்டி காலேஜ், அப்புறம் ரெண்டு வருஷம் பெர்க்லி" என்றுதான் எல்லோரும் இந்த வழியைச் சொல்வார்கள். கம்யூனிட்டி காலேஜ் என்பது இரண்டு வருட அரசுக் கல்லூரி. யூசி என்பது பெர்க்லி, யூசிஎல்ஏ எனப் பல வளாகங்கள் கொண்ட யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா. முன்னதிலிருந்து பின்னதற்கு நடுவில் மாறுவதுதான் ட்ரான்ஸ்ஃபர். நாட்காட்டியை வைத்துக் கணக்குப் போட்டால் வேறு எண் வரும். 2026 ஆகஸ்டில் சேர்கிறீர்கள் என்று வையுங்கள். 2028 ஃபாலில் (ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கும் பருவம்) யூசியில் போய் உட்கார வேண்டுமானால் 2027 அக்டோபர், நவம்பரிலேயே விண்ணப்பம் போட வேண்டும். அன்றைக்கு உங்கள் கையில் இருப்பது 2026 ஃபால், 2027 ஸ்பிரிங் (ஜனவரியை ஒட்டித் தொடங்கும் பருவம்), இடையில் ஒரு சம்மர். 2027 ஃபால் மதிப்பெண்ணை ஜனவரியில் சேர்க்கலாம். கடைசி ஸ்பிரிங், கிடைத்த இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும்தான் உதவும். ஆக, ஊருக்கும் மொழிக்கும் பழகாத அந்த முதல் செமஸ்டர்தான் மொத்தக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு. புதிதாக வந்தவர்களை இந்த வழி அதிகம் அடிப்பது இங்கேதான்.

இவ்வளவு சிரமப்படுவதற்குக் காரணம் உண்டு. 1960-ல் கலிஃபோர்னியா வகுத்த உயர்கல்வித் திட்டத்திலிருந்தே கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு யூசியில் தனி வாசல் இருக்கிறது. பள்ளி முடித்து நேராக விண்ணப்பிப்பவர்களில் பத்தில் ஒருவரைக்கூட யூசிஎல்ஏ எடுப்பதில்லை. ட்ரான்ஸ்ஃபரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இடம் கிடைக்கிறது, அவர்களில் பத்தில் ஒன்பது பேர் இந்த மாநிலத்துக் கம்யூனிட்டி காலேஜ்களிலிருந்து வருபவர்கள். பள்ளி முடிப்பவர்கள் கல்லூரிச் சேர்க்கைக்காக எழுதும் எஸ்ஏடி தேர்வு வேண்டாம். பள்ளி மதிப்பெண்ணை வைத்து எடை போடுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்பை மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ முடித்துவிட்டு வந்தவருக்கும் ஃப்ரீமான்ட்டிலேயே பிறந்து வளர்ந்தவருக்கும் ஒரே கோடு. செலவும் குறைவு. மாநிலவாசிக்கு யூனிட்டுக்கு (வகுப்பின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர், 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். செமஸ்டரைவிடக் குறுகிய குவார்ட்டர் என்ற பருவங்களில் நடக்கும் டி ஆன்ஸா, ஃபுட்ஹில் போன்ற காலேஜ்களில் குவார்ட்டர் யூனிட்டுக்கு 31 டாலர். வருமானம் குறைந்த குடும்பமாக இருந்தால் கலிஃபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட் இதையும் தள்ளுபடி செய்துவிடும்.

முதலில் அடிப்படைக் கணக்கு. ட்ரான்ஸ்ஃபர் ஆகும் ஃபாலுக்கு முந்தைய ஸ்பிரிங் முடிவதற்குள், யூசி ஏற்கும் வகுப்புகளில் 60 செமஸ்டர் யூனிட், குவார்ட்டர் என்றால் 90 யூனிட் முடித்திருக்க வேண்டும். அதற்குள் ஏழு வகுப்புகள் கட்டாயம்: ஆங்கிலக் கட்டுரை இரண்டு, கணிதம் ஒன்று, கலை, சமூக அறிவியல், இயற்கை அறிவியல் ஆகிய பிரிவுகளில் குறைந்தது இரண்டிலிருந்து நான்கு. எல்லாவற்றிலும் சி அல்லது அதற்கு மேல். ஜிபிஏ, அதாவது ஏ-க்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2 என்று வைத்துப் போடும் சராசரி, மாநிலவாசிக்கு 2.4, மற்றவர்க்கு 2.8. இது விண்ணப்பத்தைக் கையில் வாங்குவதற்கான தகுதி, அவ்வளவே. யூசிஎல்ஏவில் கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைத்தவர்களின் ஜிபிஏ 4.0ஐ ஒட்டி இருக்கும். எந்த மேஜருக்கு (முதன்மைப் பாடத்துக்கு) எந்த ஜிபிஏ என்பதை யூசியே வருடாவருடம் வளாகவாரியாக வெளியிடுகிறது. வாட்ஸ்அப் குழுவில் யாரோ சொன்ன எண்ணை விட்டுவிட்டு அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

அசிஸ்ட் பக்கத்தைப் படிக்கும் விதம்

எந்த வகுப்பு எடுப்பது என்பதற்கு அசிஸ்ட் டாட் ஆர்க் என்ற தளம்தான் மூலம். உங்கள் காலேஜ், போக வேண்டிய வளாகம், மேஜர் மூன்றையும் கொடுத்தால் ஒரு ஒப்பந்தப் பக்கம் திறக்கும். இடப்பக்கம் யூசியின் வகுப்பு, வலப்பக்கம் அதற்கு ஈடான உங்கள் காலேஜ் வகுப்பு. மேலோட்டமாகப் பார்த்தால் எளிது. நுணுக்கம் வலப்பக்கத்தில் இருக்கிறது.

சில இடங்களில் வலப்பக்கம் இரண்டு மூன்று வகுப்புகளை ஒரு கட்டத்துக்குள் போட்டு நடுவே "அண்ட்" என்று எழுதியிருப்பார்கள். அவை எல்லாம் சேர்ந்தால்தான் இடப்பக்கம் இருப்பது நிறையும். இயற்பியலில் இது அடிக்கடி வரும்: மூன்று வகுப்புத் தொடர் முழுவதும் முடித்தால்தான் யூசியின் தொடருக்கு ஈடு, இரண்டோடு நின்றால் ஒன்றுமில்லை. "ஆர்" என்று இருந்தால் ஏதாவது ஒன்று போதும். ஈடான வகுப்பே இல்லை என்று எழுதியிருந்தால் உங்கள் காலேஜில் அது கிடையாது என்று பொருள், அது உங்கள் குற்றம் ஆகாது. ஆனால் பக்கத்து ஊர் காலேஜில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கம்யூனிட்டி காலேஜ்களில் படிக்கத் தடையில்லை, சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பலர் அப்படித்தான் படிக்கிறார்கள்.

அப்படிப் படிக்கும்போது ஒரு விதியை விடாதீர்கள்: ஒரு தொடரை எங்கே தொடங்கினீர்களோ அங்கேயே முடியுங்கள். செமஸ்டர் காலேஜில் கால்குலஸ் ஒன்றை முடித்துவிட்டு குவார்ட்டர் காலேஜில் அடுத்ததற்குப் போனால் பாடம் ஒட்டாது. செமஸ்டரில் இரண்டு வகுப்பில் முடிகிற பாடத்தைக் குவார்ட்டரில் மூன்றாக வெட்டியிருப்பார்கள். நடுவில் மாறினால் ஒரு பகுதி இரண்டு முறை வரும், ஒரு பகுதி வராமலே போகும். அசிஸ்டிலும் இரு காலேஜுக்கும் இடையே தொங்கும் அரைத் தொடருக்கு ஈடு இருக்காது. யூனிட்டையும் மாற்றிக் கணக்கிட வேண்டும்: 5 குவார்ட்டர் யூனிட் என்பது 3.33 செமஸ்டர் யூனிட். 60 யூனிட் தொட்டுவிட்டோம் என்று நினைத்தவருக்குக் கடைசியில் ஒன்றரை யூனிட் குறைவதும் இதனால்தான்.

ஒரே ஒரு வளாகத்தை மனதில் வைத்துத் திட்டம் போடாதீர்கள். நான்கைந்து வளாகங்களுக்கான அசிஸ்ட் பக்கங்களை அச்செடுத்துப் பக்கத்தில் பக்கம் வைத்து, எல்லாவற்றிலும் வரும் வகுப்புகளை முதலில் எடுங்கள். ஒரே மேஜருக்கு பெர்க்லி கேட்பதும் சான்டியாகோ கேட்பதும் ஒன்றாக இருக்காது.

சங்கிலி எங்கே அறுகிறது

பொறியியல், இயற்பியல், கம்ப்யூட்டர் சயன்ஸ் என்றால் வகுப்புகள் ஒன்றன் பின் ஒன்றாகச் சங்கிலி போல வரும். ப்ரீகால்குலஸ், கால்குலஸ் மூன்று, அப்புறம் லீனியர் ஆல்ஜீப்ராவும் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷனும். கால்குலஸ் ஒன்று முடிந்தால்தான் இயந்திரவியல், இரண்டு முடிந்தால்தான் மின்காந்தவியல். ஃபாலில் ப்ரீகால்குலஸில் தொடங்கினால் ஸ்பிரிங்கில் கால்குலஸ் ஒன்று, அடுத்த ஃபாலில் இரண்டு, கடைசி ஸ்பிரிங்கில் மூன்று. நான்கு செமஸ்டரும் தீர்ந்தது, லீனியர் ஆல்ஜீப்ரா நிற்கிறது. ட்ரான்ஸ்ஃபருக்கு நேர்முந்தைய சம்மரில் முடிக்கிறேன் என்றால் போட்டி மிகுந்த மேஜர்கள் ஏற்காது. ஸ்பிரிங்தான் எல்லை.

ஆகவே சேருவதற்கு முந்தைய சம்மரிலேயே ப்ரீகால்குலஸை முடியுங்கள், அல்லது மூன்று வருடத் திட்டமாக மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று வருடம் எடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை. யூசி எத்தனை வருடம் ஆனது என்று எண்ணுவதில்லை, வகுப்பு முடிந்ததா, மதிப்பெண் எப்படி என்றுதான் பார்க்கிறது. நம் வீடுகளில் "ஒரு வருஷம் போச்சு" என்ற பேச்சு மிகவும் அழுத்தும். அந்த அழுத்தத்தில் ஒரே செமஸ்டரில் 19 யூனிட் எடுத்து இரண்டு சி வாங்கியவர்தான் உண்மையில் இடத்தை இழக்கிறார்.

ஒரு சி என்ன செய்யும் என்று பாருங்கள். 30 யூனிட் முடித்திருக்கிறீர்கள், 25 யூனிட் ஏ, 5 யூனிட் கால்குலஸ் சி. 25 பெருக்கல் 4, நூறு. 5 பெருக்கல் 2, பத்து. 110ஐ 30 ஆல் வகுத்தால் 3.67. அந்த சி-யைத் திரும்ப எடுத்து மாற்றவும் முடியாது. டி, எஃப் வாங்கிய வகுப்பைத் திரும்ப எடுக்கலாம், யூசியும் இரண்டாவது மதிப்பெண்ணைக் கணக்கில் கொள்ளும். சி வாங்கியவருக்கு அந்தக் கதவு மூடிவிடும். அதனால் ஒரு வகுப்பு கைமீறுகிறது என்று நடுவிலேயே தெரிந்தால், கடைசித் தேதிக்குள் டபிள்யூ (வகுப்பிலிருந்து விலகியதற்கான குறி) போட்டு வெளியே வருவது நல்லது. ட்ரான்ஸ்கிரிப்டில் (காலேஜ் மதிப்பெண் பட்டியலில்) ஒரு டபிள்யூ யாரையும் கவிழ்க்காது. நான்கைந்து சேர்ந்தால் கேள்வி வரும். அந்தத் தேதியைக் காலேஜ் நாட்காட்டியில் முதல் வாரமே குறித்து வையுங்கள். வகுப்புக்கு வகுப்பு அது மாறும், எட்டு வார வகுப்புகளில் வெகு சீக்கிரம் வந்துவிடும்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் இப்படி விலகும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் கேட்டே ஆக வேண்டும். செமஸ்டருக்கு 12 யூனிட்டுக்குக் கீழே போனால் விசா நிலையே போகும். அந்த 12-ல் ஆன்லைன் வகுப்பு ஒன்றுக்கு மேல் சேராது. ஆகவே எஃப்-1 மாணவர் 12 என்று தொடங்காமல் 15-ல் தொடங்க வேண்டும், ஒன்றை விட்டாலும் நிற்கும்படி.

ஆங்கில வகுப்பு

வெளிநாட்டில் படித்து வந்தவர்களை இஎஸ்எல் (ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கான ஆங்கில வகுப்பு) பக்கம் தள்ளிவிடும் வழக்கம் முன்பு அதிகம் இருந்தது. ஏபி 705 சட்டம் வந்த பிறகு, நுழைவுத் தேர்வு வைத்து மாணவரைக் கீழ்நிலை வகுப்புகளில் பூட்டி வைக்க முடியாது. இங்கே பள்ளி மதிப்பெண் இல்லாதவர்கள் தாங்களே தங்கள் நிலையைத் தேர்ந்துகொள்ளும் முறை இருக்கிறது. ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைப் படித்து, இரண்டு பக்கம் சொந்தமாக எழுத முடிந்தால் நேரே யூசி ஏற்கும் ட்ரான்ஸ்ஃபர் நிலை வகுப்பில் சேருங்கள், கூடவே துணை வகுப்பு இருந்தால் அதையும் எடுங்கள். பேச்சில் தயக்கம் இருப்பது வேறு, எழுத்து வராமல் இருப்பது வேறு. எழுத்து உண்மையிலேயே வரவில்லை என்றால் இஎஸ்எல் ஒரு வருடம் எடுப்பது நல்ல முதலீடு. அதைத் தவிர்த்துவிட்டுக் கட்டுரை வகுப்பில் சி வாங்குவதில் லாபமில்லை.

நம் பக்கத்து மாணவர்கள் இந்த வகுப்பில் தடுக்குவது இலக்கணத்தில் இல்லை. மேற்கோள் காட்டும் முறையில். புத்தகத்து வரியை அப்படியே எழுதுவதுதான் நல்ல விடை என்று பன்னிரண்டு வருடம் பழகிய கை, இங்கேயும் அப்படியே எழுதும். இங்கே அது திருட்டு. முதல் கட்டுரையைச் சமர்ப்பிக்கும் முன் காலேஜின் எழுத்து உதவி மையத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள். கட்டணம் கிடையாது. யூசி ஏற்கும் ஆங்கிலக் கட்டுரை வகுப்பு இரண்டை முடித்தவர்கள் டோஃபல், ஐஇஎல்டிஎஸ் எழுத வேண்டியதும் இல்லை.

பெயர், வசிப்பிடம், பழைய மதிப்பெண்

இந்த மூன்றும் புலம்பெயர்ந்தவர்களுக்கே உரிய சிக்கல்கள். கவுன்சலர்கள் பலருக்கே இதில் பழக்கம் குறைவு.

பெயர்: நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. மதிப்பெண் பட்டியலில் எஸ். குமரன், பாஸ்போர்ட்டில் குமரன் சுந்தரம், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் விசாவில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள்) குமரன். காலேஜில் சேரும்போது அவசரத்தில் நான்காவதாக ஒரு வடிவம் கொடுத்துவிடுவார்கள். பிறகு ட்ரான்ஸ்கிரிப்ட் ஒரு பெயரில், நிதியுதவி விண்ணப்பம் வேறு பெயரில், சோஷியல் செக்யூரிட்டி அட்டை (அரசு தரும் அடையாள எண் அட்டை) மூன்றாவது பெயரில் என்று ஆகி, ஏப்ரலில் எதுவும் எதனுடனும் சேராது. சோஷியல் செக்யூரிட்டி அட்டை இருந்தால் அதில் உள்ளபடி, இல்லையென்றால் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எல்லா இடத்திலும் ஒரே வடிவம், ஒரே எழுத்துக்கூட்டல் என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். விண்ணப்பத்தில் முன்பிருந்த பெயர்களைக் குறிப்பிட இடம் இருக்கும், இனிஷியல் வடிவத்தை அங்கே எழுதுங்கள்.

வசிப்பிடம்: மாநிலவாசி என்று கணக்காக, குறைந்தது 366 நாள் கலிஃபோர்னியாவில் இருந்திருக்க வேண்டும், இங்கேயே தங்கும் எண்ணத்துக்குச் சான்றும் வேண்டும்: ஓட்டுநர் உரிமம், மாநில வருமான வரிப் படிவம், வாடகை ஒப்பந்தம். எச்-4ல் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைகள் மாநிலவாசியாகலாம். எஃப்-1ல் இருப்பவர்கள் ஆக முடியாது. கிரீன் கார்டு, அகதி நிலை, அடைக்கலம் கிடைத்தவர்கள் ஆகலாம். இதில் ஒரு எச்சரிக்கை: சான்று சேர்க்கும் பட்டியலில் வாக்காளர் பதிவும் ஒன்றாக எழுதியிருப்பார்கள், டிஎம்வி (ஓட்டுநர் உரிம அலுவலகம்) படிவத்திலும் அந்தக் கேள்வி வரும். குடியுரிமை இல்லாதவர் அதில் கையெழுத்திட்டுவிட்டால், தவறுதலாக நடந்தது என்றாலும், பின்னாளில் கிரீன் கார்டும் குடியுரிமையும் சிக்கலாகும். அந்தக் கட்டத்தைத் தொடாதீர்கள்.

காலேஜ் உங்களை மாநிலவாசி என்று ஏற்றுக்கொண்டதால் யூசியும் ஏற்கும் என்று நினைத்துவிடக் கூடாது. யூசி தனியாக, தன் விதிப்படி முடிவு செய்யும். இடத்தை ஏற்றுக்கொண்ட பிறகு வசிப்பிட அறிக்கைப் படிவம் ஒன்று நிரப்பச் சொல்வார்கள். அதை நிரப்பாமல் விட்டால் வெளிமாநிலத்தவர் என்றே பில் வரும். 2025-26ல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்தக் கூடுதல் கட்டணம் மட்டும் 37,602 டாலர். மணமாகாத, 24 வயதுக்குட்பட்ட மாணவரின் பெற்றோர் மாநிலவாசிகளாக இல்லாவிட்டால், தன் சொந்தச் செலவில் வாழ்கிறார் என்பதையும் நிரூபிக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு வளாகத்திலும் இதற்கென அதிகாரி உண்டு. கேள்வியை மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் எழுத்தில் இருக்கட்டும்.

எச்-4 பிள்ளைகளுக்கு 21 வயதானதும் அந்த நிலை முடியும். கிரீன் கார்டு வரிசை நீண்டுகொண்டே போவதால் வளைகுடாப் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் இது வருடாவருடம் வரும் கவலை. 19 வயதில் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தால் ட்ரான்ஸ்ஃபரும் 21ம் ஒரே சமயத்தில் வந்து நிற்கும். எஃப்-1க்கு மாறும் விண்ணப்பத்தைப் போடும் முன் குடியேற்ற வழக்கறிஞர், யூசியின் வசிப்பிட அதிகாரி இருவரிடமும் கேளுங்கள். விசா மாற்றம் படிப்பைக் காப்பாற்றும், கட்டணத்தை இரண்டு மூன்று மடங்காக்கவும் செய்யலாம். 20வது பிறந்தநாளே இதைப் பேசத் தொடங்க வேண்டிய நாள்.

ஆவணமில்லாதவர்களுக்கு 2001-ல் வந்த ஏபி 540 சட்டம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் மூன்று வருடம் உயர்நிலைப் பள்ளியில் படித்து, பள்ளிப் படிப்பை முடித்திருந்தால் மாநிலவாசிக் கட்டணம். பின்னால் வந்த எஸ்பி 68 கம்யூனிட்டி காலேஜ், அடல்ட் ஸ்கூல் ஆண்டுகளையும் சேர்த்துக்கொள்ளச் செய்தது. உறுதிமொழிப் படிவத்தைக் காலேஜில் ஒருமுறை, யூசியில் மறுமுறை கொடுக்க வேண்டும். நிதியுதவிக்கு இவர்கள் ஃபாஃப்சாவை (மத்திய அரசின் நிதியுதவி விண்ணப்பம்) நிரப்பக் கூடாது, கலிஃபோர்னியா ட்ரீம் ஆக்ட் விண்ணப்பம் தனியாக இருக்கிறது. கிரீன் கார்டு, அகதி, அடைக்கலம் பெற்றவர்கள் ஃபாஃப்சா. எச்-4, எஃப்-1 இரண்டுக்கும் ஃபாஃப்சா இல்லை. மாநில உதவிக்கு வழக்கமாக மார்ச் 2 கடைசி நாள். அட்மிஷன் முடிவு வருவது அதற்குப் பிறகுதான், எனவே முடிவுக்காகக் காத்திருக்காமல் நிரப்பிவிட வேண்டும்.

பழைய மதிப்பெண்: ஊரில் இன்ஜினியரிங்கில் ஒரு வருடம் படித்து, மூன்று அரியர் வைத்து, பாதியில் விட்டுவிட்டு வந்தவர்கள் நிறைய. அதை எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்று தோன்றும். யூசி விண்ணப்பம், எங்கே படித்திருந்தாலும், முடித்தாலும் விட்டாலும், அத்தனை கல்லூரிகளையும் கேட்கிறது. மறைத்தது பிறகு தெரிந்தால் கிடைத்த இடம் போகும், பட்டம் முடியும் தறுவாயில்கூட. எழுதுங்கள். அரியரோடு எழுதுங்கள். விளக்கம் எழுதத் தனி இடம் இருக்கிறது, மூன்று வரி போதும். அந்த மதிப்பெண் பட்டியல்களை இப்போதே ஊரிலிருந்து வரவழைத்து வையுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறையில் வாங்குவது மாதக்கணக்கில் இழுக்கும். வெளி நிறுவனத்திடம் காசு கொடுத்து மதிப்பீடு வாங்குவது கம்யூனிட்டி காலேஜுக்குத் தேவைப்படலாம், யூசி வெளிநாட்டுப் படிப்பைத் தானே மதிப்பிடும்.

ஏற்கெனவே பி.இ., பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு, குறிப்பாக கணவரோடோ மனைவியோடோ எச்-4ல் வந்தவர்களுக்கு, இந்த வழி பொருந்தாது. பெர்க்லியும் யூசிஎல்ஏவும் இரண்டாவது இளங்கலைக்கு ஆளெடுப்பது அரிது. அவர்கள் கம்யூனிட்டி காலேஜில் தேவையான சில வகுப்புகளை மட்டும் முடித்துவிட்டு முதுகலைக்குப் போவதே சரி.

டேக், விண்ணப்பம், 350 சொற்கள்

டேக் என்பது ட்ரான்ஸ்ஃபர் இடத்தை முன்கூட்டியே உறுதி செய்யும் ஒப்பந்தம். செப்டம்பர் 1 முதல் 30 வரை அதற்கான விண்ணப்பம். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் ஒன்றுக்கு மட்டும் போடலாம். அந்த வளாகமும் மேஜரும் கேட்கும் ஜிபிஏவும் வகுப்புகளும் சரியாக இருந்தால் இடம் உறுதி. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான்டியாகோவில் டேக் கிடையாது, டேவிஸ் போன்ற இடங்களிலும் போட்டி மிகுந்த சில மேஜர்களுக்கு இல்லை. பெர்க்லிதான் வேண்டும் என்பவரும் டேக் போட வேண்டும். ஒரு பைசா செலவில்லாத காப்பீடு அது. இதை விட்டவர்கள்தான் ஏப்ரல் இறுதியில் கையைப் பிசைகிறார்கள். உங்கள் காலேஜில் ஹானர்ஸ் (உயர்நிலைப் பாடங்கள்) திட்டம் இருந்து, அது யூசிஎல்ஏவின் டேப் என்ற ட்ரான்ஸ்ஃபர் கூட்டில் சேர்ந்ததாக இருந்தால் முதல் வருடமே அதில் சேருங்கள். யூசிஎல்ஏ அதற்கு உண்மையிலேயே முன்னுரிமை தருகிறது.

பொது விண்ணப்பத்தை ஆகஸ்டிலிருந்து நிரப்பலாம், அக்டோபர் 1 முதல் அனுப்பலாம். கடைசி நாள் நவம்பர் 30ஐ ஒட்டி வரும், வார இறுதி என்றால் ஓரிரு நாள் தள்ளும். வளாகத்துக்கு 80 டாலர், வெளிநாட்டு மாணவருக்கு 95. வருமானம் குறைந்தால் நான்கு வளாகங்கள் வரை தள்ளுபடி. வகுப்புகளை நீங்களே ஒவ்வொன்றாக உள்ளிட வேண்டும். ட்ரான்ஸ்கிரிப்டைப் பக்கத்தில் வைத்து, வகுப்பின் எண், பெயர், யூனிட், மதிப்பெண், டபிள்யூ, திரும்ப எடுத்தது, எல்லாம் எழுத்துக்கு எழுத்து அப்படியே. நினைவிலிருந்து எழுதி ஏ மைனஸை ஏ என்று போட்டால் ஜூலையில் இறுதி ட்ரான்ஸ்கிரிப்ட் போகும்போது மாட்டும். ஸ்பிரிங்கில் எடுக்கப்போகும் வகுப்புகளையும் "திட்டமிட்டது" என்று உள்ளிடுங்கள். காலியாக விட்டால் தேவையான வகுப்பு முடியாது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். மேஜர் தேர்விலும் கவனம் தேவை. பெர்க்லியும் யூசிஎல்ஏவும் மாற்று மேஜரைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை, உள்ளே போன பிறகு கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு மாறிக்கொள்ளலாம் என்ற கணக்கும் பலிக்காது.

கட்டுரைக் கேள்விகள் நான்கு, ஒவ்வொன்றும் 350 சொற்களுக்குள். ஒன்று கட்டாயம்: உங்கள் மேஜருக்கு எப்படித் தயாரானீர்கள். மீதி ஏழில் மூன்று. புலம்பெயர்ந்தவர்கள் செய்யும் பிழை, நான்கிலும் விமான நிலையத்தில் இறங்கிய கதையையே எழுதுவது. வந்த கதை ஒரு கேள்விக்குப் போதும், அதிலும் நூறு சொல். படிப்பவர் தேடுவது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை. "பல சவால்களைச் சந்தித்தேன்" என்ற வரி எதையும் சொல்வதில்லை. "வாரம் 25 மணி நேரம் மளிகைக் கடையில் நின்றேன், இரவு பத்துக்கு மேல் லீனியர் ஆல்ஜீப்ரா, கடையின் இருப்புக் கணக்குக்கு ஒரு நிரல் எழுதினேன், காலாவதியாகும் சரக்கு முன்கூட்டியே தெரிந்தது" என்ற வரி ஒரு ஆளைக் காட்டுகிறது. செயல்பாடுகள் பகுதியில் 20 வரை எழுதலாம். தாத்தாவை டாக்டரிடம் கூட்டிப்போய் மொழிபெயர்ப்பது, தம்பி தங்கையைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து பார்த்துக்கொள்வது, இதெல்லாம் செயல்பாடுதான். வாரத்துக்கு எத்தனை மணி என்று சேர்த்து எழுதுங்கள். நம் வீட்டில் இது கடமை, அதனால் யாரும் இதை எழுதுவதில்லை. யூசிக்கு இது தகவல்.

யூசிக்குப் பரிந்துரைக் கடிதம் தேவையில்லை. யூஎஸ்சி, கார்னெல் போன்ற தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் போடுவதாக இருந்தால் இரண்டு பேராசிரியர்களின் ஆபீஸ் ஹவர்ஸில் (மாணவர்களைச் சந்திக்கும் நேரத்தில்) முதல் வருடமே போய்ப் பேசத் தொடங்குங்கள். அங்கே பாடத்தில் சந்தேகம் கேட்கப் போவது தொந்தரவு ஆகாது, அந்த நேரமே அதற்காக ஒதுக்கப்பட்டது.

முடிவு வந்த பிறகும் இடம் கைநழுவும் வழிகள்

ஜனவரியில் மதிப்பெண் புதுப்பிக்கும் படிவம் வரும், 31க்குள் அனுப்ப வேண்டும். மாற்றம் எதுவும் இல்லையென்றாலும் அனுப்புங்கள். மார்ச்சிலிருந்து ஏப்ரல் இறுதி வரை முடிவுகள். ஜூன் 1க்குள் ஏற்க வேண்டும். ஏற்ற பின் கைநழுவுவதற்கு முக்கியக் காரணம் கடைசி ஸ்பிரிங்கில் சொல்லாமல் ஒரு வகுப்பை விடுவது. விட வேண்டிய சூழல் வந்தால், விடுவதற்கு முன் வளாகத்தின் தளத்தில் எழுதிக் கேளுங்கள். முன்கூட்டிக் கேட்டால் பல நேரம் வழி சொல்வார்கள்.

பொதுக்கல்வித் தொகுப்பை (மேஜருக்கு வெளியே எல்லோரும் படிக்க வேண்டிய பாடங்கள், பழையவர்களுக்கு அதன் பெயர் ஐகெட்சி, 2025 ஃபாலிலிருந்து சேர்ந்தவர்களுக்கு கால்-கெட்சி) முடித்தவர்கள் அதற்கான சான்றிதழைத் தாங்களே காலேஜில் கேட்டு அனுப்பச் சொல்ல வேண்டும். ட்ரான்ஸ்கிரிப்டோடு அது தானாகப் போகாது. போகவில்லையென்றால் முடித்த பாடங்களையே யூசியில் மறுபடி எடுக்க நேரும். பொறியியல் மாணவர்கள் இந்தத் தொகுப்பை முழுதாக முடிக்க முயன்று மேஜர் வகுப்புகளைத் தள்ளிப்போடக் கூடாது, அவர்களுக்கு மேஜர் வகுப்புகளே முதல். படித்த ஒவ்வொரு காலேஜிலிருந்தும், ஒரே ஒரு சம்மர் வகுப்பு எடுத்த இடத்திலிருந்தும், இறுதி ட்ரான்ஸ்கிரிப்ட் ஜூலை 1க்குள் போக வேண்டும். எஃப்-1 மாணவர்கள் செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடு) பதிவைப் புதிய இடத்துக்கு மாற்றச் சொல்லும் கோரிக்கையைப் படிப்பு முடிந்த 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும். சம்மரில் ஊருக்குப் போவதாக இருந்தால் புதிய ஐ-20 (எஃப்-1 மாணவருக்குப் பல்கலைக்கழகம் தரும் சான்றுப் படிவம்) கைக்கு வந்த பிறகு திரும்பி வரும்படி டிக்கெட் போடுங்கள்.

பெர்க்லியும் மெர்செட்டும் செமஸ்டர். மற்ற வளாகங்கள் பத்து வாரக் குவார்ட்டர். நான்காவது வாரத்திலேயே மிட்டெர்ம் (இடைத் தேர்வு) வந்துவிடும், காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தாலே பாடத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். செமஸ்டர் காலேஜிலிருந்து போகிறவர்கள் முதல் குவார்ட்டருக்கு 12 அல்லது 13 யூனிட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதிலும் கடினமான மேஜர் வகுப்பு இரண்டுக்கு மேல் வேண்டாம்.